நடக்கிறவர் இலையில் ஊர் இருக்கட்டும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றைத் தாண்டுவதற்கு முன் வருகிற ஊர் ஓரிக்கை. வெளியூர்க்காரர்களுக்கு இன்று இந்த ஊர் தெரிவது காஞ்சி மடத்து மகாசுவாமிகளின் கல் மணிமண்டபத்தால். 2011இல் குடமுழுக்கு நடந்த மண்டபம் அது. ஊரின் பெயர் மட்டும் அதைவிட மிகப் பழைய ஒரு கதையிலிருந்து வருகிறது, அதுவும் நடந்துபோன கதை. பல்லவ மன்னன் தன்னைப் பாடச் சொல்லியும் திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்தார். நாட்டை விட்டுப் போ என்றான் மன்னன். சீடன் கிளம்பியதும் குருவும் கிளம்பினார். காஞ்சியின் திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளிடம், நாங்கள் போகிறோம், நீயும் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். கச்சி என்ற காஞ்சி இருண்டது. மன்னன் ஓடிவந்து காலில் விழுந்த பிறகு மூவரும் திரும்பினார்கள். போன வழியில் அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓர் இரவு இருக்கை’. அதுவே ஓரிக்கை ஆனது என்பது வைணவ மரபு. திருவெஃகாவின் பெருமாளுக்குச் ‘சொன்னவண்ணம் செய்தவர்’ என்று பெயர் நிலைத்ததும் இந்த நடையால்தான். தை மாதத்தில் அவர் மறுபடி ஓரிக்கைக்கு எழுந்தருளுகிறார்.

அந்த இரவில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கதை சொல்வதில்லை. ஆனால் இன்று ஓரிக்கை வழியாகவோ தமிழ்நாட்டின் எந்தப் பாதயாத்திரைச் சாலை வழியாகவோ நடக்கிறவருக்கு எந்த ஊரில் என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்தால், இந்தக் கேள்வியைச் சும்மா விட்டுவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. வழியில் உள்ள ஊரின் சோற்றையும் நீரையும் சுவைத்துப் பார்ப்பது யாத்திரைக்கு இடையில் வருகிற நாக்கு ஆசை என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அதை யாத்திரையின் பாதி என்பேன். காலால் ஓர் ஊரைக் கடப்பது ஒரு பாதி. அந்த ஊர் விளைவித்ததை வாங்கி உண்பது மறுபாதி. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் இப்போது, நல்ல எண்ணத்தோடேயே, இழந்துகொண்டிருக்கிறோம்.

இதற்கு நான் காட்டும் முதல் சாட்சி காஞ்சிக்கு நடந்த வழியைப் பற்றியது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை 500 அடி கொண்ட பாட்டு. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுகிறான். வழி சொல்லுகிறவன் கல் தொலைவைக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கலாம், ஆறுகளையும் குன்றுகளையும் மட்டும் அடையாளம் காட்டியிருக்கலாம். இவனோ ஒவ்வொரு நிலத்திலும் உன் இலையில் என்ன விழும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். பாலையில் எயிற்றியர் கடப்பாரையால் கரம்பைக் கிளறி எடுத்த புல்லரிசியை நிலவுரலில் குத்தி, சில்லூறும் கிணற்று நீரில் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் வைப்பார்கள். எயினர் அரணுக்குள் போனால் மேட்டுநிலத்து நெல்லின் சோறும் நாய் பிடித்த உடும்பின் பொரியலும். ஆயர் குடியில் பாலும் தினைச் சோறும். முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பு. உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும். வழியில் புகை கம்மிய ஆலைக் கொட்டிலில் கரும்புச் சாறு. வலைஞர் குடியில் அவர்கள் வடித்த கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் வீட்டில் மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த கறி, கூடவே மாவடு. தோப்புக் குடிகளில் பலாவும் இளநீரும் வாழைப்பழமும் நுங்கும். இத்தனையும் தாண்டித்தான் திருவெஃகாவின் பாம்பணையில் பள்ளிகொண்டவனை வணங்கிக் கச்சிக்குள் நுழையச் சொல்கிறான்.

ஆழ்வாரின் பின்னால் நடந்ததாகச் சொல்லப்படுகிற அதே பெருமாள்தான் இந்தப் பாட்டின் பாதையில் கடைசி நிறுத்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, இந்த நிலத்தில் நடைக்கும் உணவுக்கும் உள்ள உறவு இலக்கியமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பாணன் யாத்திரிகன் இல்லையே, அவன் பரிசிலுக்குப் போனவன்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நான் பார்ப்பது போகிற காரணத்தை இல்லை, போகிற முறையை. பாட்டில் வரும் உணவுகளின் வரிசையை மாற்றிப் போட முடியாது. புல்லரிசியை மருதத்தில் வைக்க முடியாது. வெண்ணெல்லைப் பாலையில் வைக்க முடியாது. எந்த உணவு இலையில் விழுகிறதோ அதை வைத்து எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். நடக்கிறவனுக்கு உணவே வரைபடம். பேருந்தில் போகிறவனுக்கு ஊர்ப் பெயர்ப் பலகை போதும்; அவன் இரண்டு மணி நேரத்தில் மூன்று நிலங்களைக் கடந்துவிடுகிறான். நடக்கிறவன் ஒரு நாளைக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் போகிறான். ஒவ்வொரு ஊரிலும் அவனுக்குப் பசிக்கிறது. அந்தப் பசிதான் அவனை ஊர்க்காரர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்று அந்த வாசல்களுக்குப் பதிலாகப் பந்தல்கள் இருக்கின்றன. பழநிக்கும் சமயபுரத்துக்கும் திருத்தணிக்கும் வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் நடக்கிறவர்களுக்காகச் சாலையோரம் போடப்படும் பந்தல்களில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வெண்பொங்கல், ரவா உப்புமா. பெரிய அண்டாவில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்க இவை வசதி. கரண்டியால் அள்ளிப் பாக்குமட்டைத் தட்டில் போட்டால் முடிந்தது. பந்தல் போடுகிறவர்கள் சொந்தக் காசைச் செலவழித்து, விடிய விடிய கண்விழித்து, முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கவளம் வாயில் வைத்தால், செட்டிநாட்டில் இருக்கிறோமா தொண்டைமண்டலத்தில் இருக்கிறோமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஏழு நாள் நடந்தவர் ஏழு நாளும் ஒரே ஊரில் சாப்பிட்டதாக ஆகிவிடுகிறது. பழநிக்குப் போனவர் விருப்பாட்சி மலைவாழைப்பழமும் சர்க்கரையும் நெய்யும் தேனும் சேர்ந்த பஞ்சாமிர்தம் வாங்காமல் திரும்புவதில்லை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. போய்ச் சேர்கிற தலத்துக்கு ஒரு ருசி இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வழிக்கும் ஒன்று இருந்தது என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

காஞ்சிப் பக்கத்து வழியின் ருசி எது என்றால், முதலில் குடலை இட்லியைச் சொல்ல வேண்டும். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் இந்த இட்லியைப் பலரும் கோயில் விசேஷமாக மட்டுமே பார்க்கிறார்கள். அதன் செய்முறையைக் கிட்ட நின்று பார்த்தால், இது நடக்கிறவருக்கு என்றே அமைந்த பண்டமோ என்று தோன்றும். அரிசியும் உளுந்தும் நைசாக அரைபடக் கூடாது. கையில் தேய்த்தால் ரவைபோல் நெருடும் பதத்தில் எடுத்துப் புளிக்க விடுவார்கள். பொடித்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் அல்லது நல்லெண்ணெய், கொஞ்சம் தயிர். மூங்கிலில் முடைந்த நீண்ட குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் படிய வைத்து, மாவை ஊற்றி, மூன்று மணி நேரம்போல ஆவியில் விடுவார்கள். வெந்ததும் குடலையைக் கவிழ்த்தால் தூண்போல ஒரே இட்லியாக வெளியே வரும். மேலே மந்தாரை இலையின் நரம்புகள் ரேகை ரேகையாகப் பதிந்திருக்கும். துண்டு போட்டால் உள்ளே மிளகு கறுப்புக் கறுப்பாகத் தெரியும். சட்னி தேவையில்லை. தட்டு இட்லியைப்போல மறுநாளே ஊசிப்போகாது. பச்சை மிளகாயோ காய்ந்த மிளகாயோ இதில் கிடையாது. மிளகாய் இந்த நாட்டுக்கு வந்ததே போர்த்துகீசியருக்குப் பிறகுதான். காரத்துக்கு மிளகு, வாசனைக்குக் கறிவேப்பிலை, மேலே பசுவின் வெண்ணெயோ நெய்யோ என்ற சேர்மானம் பெரும்பாணாற்றுப்படை அந்தணர் வீட்டு மாதுளங்காய்க் கறியிலும் இருக்கிறது, குடலை இட்லியிலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே வட்டாரத்தின் நாக்கு என்று மட்டும் சொல்லுகிறேன்.

அடுத்தது கூழ். ஆடி மாதம் தொண்டைமண்டலத்தின் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்காத ஊர் இல்லை. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவிட்டு, கொதிக்கும்போது மாவுக் கரைசலை ஊற்றிக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டுவார்கள். மறுநாள் அந்தக் களியை மோரோ தண்ணீரோ விட்டுக் கையால் பிசைந்து கரைத்து உப்புப் போட்டால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு. ஊர்ப்புறத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும்கூட வரும். யாத்திரைக்காரர் அவற்றில் தமக்கு ஆகிறதை எடுத்துக்கொள்வார். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான். தார்ச்சாலைச் சூட்டில் நடக்கிறவருக்கு ஒரு சொம்புக் கூழ் உணவாகவும் ஆகிறது, தண்ணீராகவும் ஆகிறது. எலுமிச்சை சாதம் தின்றவர் அடுத்த அரை மணியில் தண்ணீருக்கு அலைவார்.

நீர்மோரும் பானகமும் இன்னும் எங்கெங்கோ மிச்சமிருக்கின்றன. குறிப்பாக ராமநவமியில் இரண்டும் அடுத்தடுத்து வரும். வியர்வையில் உடம்பு இழப்பது நீரும் உப்பும். குடலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து இருக்கும்போது நீர் விரைவாக உள்ளே இழுக்கப்படும் என்பதை வைத்துத்தான் மருத்துவர்கள் உப்பு சர்க்கரைக் கரைசலை உருவாக்கினார்கள். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர், வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்ட பானகம் ஒரு டம்ளர் என்று வெயில் தொடங்கும் பங்குனி, சித்திரையில் ஊர் மக்கள் கொடுத்ததும் அந்தத் தேவைக்கு அருகில் வந்த ஏற்பாடுதான். அளவு பார்த்துச் செய்த மருந்து என்று அதை உயர்த்திச் சொல்லத் தேவையில்லை. பனை உள்ள ஊர்களில் இதே பருவத்தில் விடியற்காலையில் பதநீரும் பகலில் நுங்கும் கிடைக்கும். பெரும்பாணாற்றுப்படை தரும் கள் இன்று சட்டப்படி கிடையாது, யாத்திரைக்குப் பொருந்துவதும் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி அதே பனையிலிருந்து இறக்கும் பதநீருக்கு அந்தத் தடை இல்லை.

வழியில் ஊர் உணவு என்ற இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு பக்தர்களிடமிருந்தே வரும். யாத்திரை என்பது புலனடக்கம். விரதம் இருந்து மாலை போட்டு நடக்கிறவர் ஊருக்கு ஊர் ருசி தேடலாமா என்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் விரதம் தடுப்பது புலாலையும் போதையையும் மிகையுணவையும். கூழையும் நீர்மோரையும் எந்த விரதமும் தடுத்ததில்லை. பசியைத் தணிக்க ஊரார் கொடுத்ததை, இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்லாமல் உண்பதைவிட நாக்குக்குப் பெரிய அடக்கம் வேறு என்ன இருக்கிறது? எங்கே போனாலும் எனக்குப் பழகிய சாம்பார் சாதம்தான் வேண்டும் என்பதுதான் நாக்குக்கு அடிமையாக இருப்பது. ஓரிக்கைக் கதையின் வேரிலேயே ஒரு கிண்ணம் பால் இருக்கிறது. பிறந்தவுடன் கைவிடப்பட்ட குழந்தையான திருமழிசை ஆழ்வார் யார் ஊட்டியும் உண்ணாமல் இருந்து, பிள்ளையில்லாத ஒரு முதிய தம்பதி அன்போடு கொண்டுவந்த பாலை மட்டும் ஏற்றார். அவர் வைத்த மிச்சத்தை அருந்திய அந்தத் தம்பதிக்குப் பிறந்தவரே கணிகண்ணன் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. நாடு கடத்தப்பட்ட சீடனோடு குரு கிளம்பியதற்குப் பின்னால், தெரியாதவர் கொடுத்த உணவை ஏற்றுக்கொண்ட ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. ஊர்ச் சோறு, பொதுப்பந்தி என்று இனிக்கப் பேசுகிறீர்களே, அந்தப் பந்தியில் யார் உட்கார முடிந்தது? சத்திரங்களில் சாதிக்கு ஒரு பந்தி இருந்தது; தண்ணீர்ப் பந்தலில் கையேந்தி நிற்பவருக்கு எட்ட நின்று ஊற்றினார்கள். இதை மறுக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஒரே மாதிரி அண்டாச் சோறு இந்தக் கொடுமையைக் கொஞ்சம் கரைத்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பந்தலில் வரிசையில் நிற்கிறவரிடம் யாரும் குலம் கேட்பதில்லை. ஆனால் கரைத்தது வரிசைதான், எலுமிச்சை சாதம் இல்லை. அதே வரிசையில் கூழும் குடலை இட்லியும் கொடுக்கலாம். ஓரிக்கைக்கு வந்த ஆழ்வாரின் கதையிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் ஓதுவதை நிறுத்தினார்கள். விட்ட இடம் அவர்களுக்கு மறந்துபோனது. ஆழ்வார் ஒன்றும் பேசாமல் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார்; வேத வாக்கியத்தில் அவர்கள் விட்ட இடம் அதுதான். ஒதுக்கியவர்களுக்கு மறந்ததை ஒதுக்கப்பட்டவர் நினைவூட்டினார். அவர் கையில் இருந்தது வயலில் விளைந்த ஒரு மணி. பெரும்பாணாற்றுப்படைப் பாணனும் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என எல்லார் வீட்டிலும் கைநனைத்தவன். ஊர் உணவை மீட்பதாக இருந்தால் இந்தப் பாணனின் முறையில்தான் மீட்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு இழிவு, கோயில் இட்லி உயர்வு என்ற எண்ணத்தோடு செய்வதானால் செய்யாமலே இருக்கலாம்.

சுகாதாரம் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. புளித்த கூழ், திறந்த பானை மோர், தெரியாத ஊர்த் தண்ணீர்: கூட்டத்துக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் பொறுப்பு? பொறுப்பு கொடுக்கிறவருக்குத்தான், சந்தேகமே இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அன்னதானம் செய்கிறவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதிகாரிகள் ஆண்டுதோறும் சொல்லிவருகிறார்கள். ஆனால் கெடுகிற உணவு எது என்று நிதானமாக யோசித்தால், காலையில் வடித்து மூடிவைத்து மதியம் பரிமாறும் சாம்பார் சாதத்தைவிட, நன்றாக வேகவைத்துப் புளிப்பேறிய கூழ் எந்த விதத்திலும் ஆபத்து மிகுந்ததில்லை. இரண்டிலும் ஆபத்து கலக்கிற தண்ணீரில்தான் இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைத்தால் தீர்ந்தது. கூட்டம் பெரியது, அளவாகச் செய்ய முடியாது என்கிறவர்கள், ஓரிக்கையிலிருந்து கிழக்கே பாலாற்றோடு போனால் வரும் திருமுக்கூடலுக்கு ஒருமுறை போய்வரலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். மாட்டுப் பொங்கல் நாளில் வரதர் பழையசீவரம் வந்து ஆற்றைக் கடந்து இங்கே எழுந்தருளுவார். கூடவே நடந்து வருகிறவர்கள் ஏராளம். திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலைக்கு வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவருகிறவர், நோயாளிகளைக் கவனிக்கிற பெண்கள் ஆகியோருக்கு நெல் எவ்வளவு, என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும், அங்கே தங்கிப் படித்த மாணவருக்கு உணவு எவ்வளவு என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளந்து, பொறுப்பு ஒதுக்கி, ஊரறிய எழுதி வைத்து உணவு கொடுப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிய வேலை இல்லை.

வெளியிலும் பார்க்கலாம். இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வழியில் இருக்கிறார்கள். கிளம்பும் இடத்து முருகனுக்கே அன்னதானக் கந்தன் என்று பெயர். மட்டக்களப்புப் பக்கம் எருமைத் தயிர் இலையில் விழும்போது எந்தச் சீமைக்கு வந்திருக்கிறோம் என்று நடக்கிறவருக்குத் தெரிந்துவிடும்; உகந்தைக்கு அப்பால் காடு தொடங்கும்போது ஊர்ச் சோறு நின்று மூட்டையில் கட்டிய அரிசி பருப்புதான். வழி மாறுவதை அங்கே வயிறே சொல்லிவிடுகிறது. ஜப்பானில் ஷிகொக்கு தீவின் 88 கோயில்களைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஊரார் பழமோ சோற்றுருண்டையோ தேநீரோ கொடுப்பதற்கு ‘ஒசெத்தாய்’ என்று தனிப்பெயர் உண்டு. நீட்டியதை மறுக்காமல் வாங்குவது அங்கே யாத்திரிகர் ஒழுக்கத்தில் சேர்ந்தது. ஸ்பெயினில் சந்தியாகோ பாதையில் இராச்சே என்ற இடத்தில் ஒரு மது ஆலை 1991 முதல் சுவரில் இரண்டு குழாய் வைத்திருக்கிறது. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் அந்த வட்டாரத்துத் திராட்சை மது, நடக்கிறவருக்கு இலவசம். மது நமக்கு வேண்டாம். ஆனால் தன் மண்ணில் விளைந்ததையே வழிப்போக்கருக்கு நீட்டுவதில் அந்த ஊர் கொள்கிற பெருமிதம் நமக்கு வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகப் படுகிற மறுப்பு வேறு. ஊர் உணவு என்கிறீர்கள், ஊரில் விளைச்சல் இருக்கிறதா? காஞ்சியைச் சுற்றி வயல்கள் மனைகளாகின்றன. சித்திரா பௌர்ணமியில் வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக்கு எழுந்தருளிவிட்டுத் திரும்பும்போது பாலாற்று மணலில் ஊறல் உற்சவம் நடக்கும். மணலைத் தோண்டினால் நீர் ஊறும் என்ற நம்பிக்கையில் அமைந்த விழா அது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் மடி ஒட்டிப்போன பிறகு, அந்த ஊற்றுக்கால்களை நம்பியிருந்த கேணிகளும் வயல்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கரையோர விவசாயிகளைக் கேட்டால் சொல்லுவார்கள். இந்த மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். உத்திரமேரூர் வைரமேகத் தடாகத்துப் பாசனத்திலும் மற்ற ஏரிப் பாசனத்திலும் இன்னும் நெல் விளைகிறது, கேழ்வரகும் விளைகிறது. பந்தல்காரர்கள் மொத்த வியாபாரியிடம் அரிசி மூட்டை எடுப்பதற்குப் பதிலாக, தம் ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் விளைந்ததை வாங்குவது என்று முடிவெடுத்தால், அந்தக் கேழ்வரகுக்கு ஒரு விலை நிச்சயமாகும். யாத்திரைச் சாலை ஒன்றில் ஒரு பருவத்தில் நடக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அவர்களுடைய பசி ஒரு சந்தை. ஆற்றை அது மீட்காது; சில வயல்களைச் சில ஆண்டுகளாவது வயலாக வைத்திருக்கும்.

குப்பை விஷயமும் இதில் உண்டு. தண்ணீர்ப் பாக்கெட்டைத் தமிழ்நாடு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. அப்படியும் யாத்திரைச் சாலையோரங்களில் அதைத்தான் மிதித்துக்கொண்டு நடக்கிறோம். பானையில் நீர்மோரும் சொம்பும் வைக்கிற இடத்தில் அந்தக் குப்பைக்கு வேலை இல்லை. மண்பானை, மந்தாரை இலை, பனையோலைப் பட்டை, வாழையிலை என்று கொடுக்கிற பாத்திரமும் ஊரிலிருந்தே வந்த காலத்தில் மிச்சம் என்று எதுவும் தங்கவில்லை. இதை விரிக்கத் தேவையில்லை, எல்லாரும் அறிந்தது.

தை மாதத்தில் திருவெஃகாப் பெருமாள் ஓரிக்கைக்கு வரும்போது வயலில் அறுப்பு முடிந்திருக்கும். புதுநெல், மொச்சை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்பு என்று தொண்டைமண்டலத்தின் வளம் எல்லாம் அந்தச் சில வாரங்களில்தான் ஒன்றாகக் கையில் வரும். அன்று கூட நடந்து வருகிறவர்களுக்கு ஓரிக்கைக்காரர்கள் கொடுக்க எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பச்சை மொச்சை சேர்ந்த புதுநெல் சோறு, அவித்த கிழங்கு, கரும்புச் சாறு, குடலை இட்லி. இட்லிக்கு மட்டும் முன்கூட்டி ஒரு வேலை இருக்கிறது. குடலை கடையில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் இல்லை; கூடை முடைகிறவரிடம் சொல்லிச் செய்ய வேண்டும். ஆழ்வாரை எடுத்து வளர்த்த திருவாளனும் அந்தக் கைத்தொழில்காரர்தான். பிரம்பறுக்க வந்த இடத்தில் குழந்தையைக் கண்டெடுத்தவர். பத்துக் குடலை வேண்டும் என்று மார்கழிக்கு முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்தால் நல்லது. பச்சை மூங்கில்தான் விரலுக்கு வளையும். காய்ந்தபின் கேட்டால் பிளாச்சு ஒடியும்.